இருட்டு மேடைக்கு கிராப் சென்சார் போதுமா, ஃபுல்பிரேமுக்கே போய்விடலாமா?

மாடவீதி:

வணக்கம். கையில் இருப்பது கேனான் 200டி மார்க் 2, சின்ன சென்சார் உள்ள கிராப் கேமரா (பெரிய சென்சார் என்றால் ஃபுல்பிரேம்). கூடவே வந்த 18-55, அப்புறம் 55-250 எஸ்டிஎம். எடுப்பது இரண்டே வகைதான்.

ஒன்று, சபாக்களில் நடக்கும் அரங்கேற்றம், பரதநாட்டியக் கச்சேரி. மேடையிலிருந்து 10, 12 மீட்டர் தள்ளி நடைபாதை ஓரமாகத்தான் நிற்க விடுவார்கள். ஃபிளாஷுக்கு அனுமதி இல்லை. இன்னொன்று, கோயில் இரவுப் புறப்பாடு. தீவட்டி, சீரியல் செட், ஜெனரேட்டரில் ஓடும் ஃபோகஸ் லைட், இவைதான் வெளிச்சம். அங்கே கூட்டத்துக்குள் இரண்டு மூன்று மீட்டர் தூரத்திலேயே எடுக்க முடிகிறது.

மேடையில் 55-250 லென்ஸை 80, 90 மி.மீ.யில் வைத்தால் எஃப் எண் 4.5-க்குக் கீழே போகாது (எண் குறைந்தால் வெளிச்சம் கூடும்). ஷட்டரை 1/400 வினாடியில் வைத்தால் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் எண்) 12800 கேட்கிறது. முகமெல்லாம் புள்ளி புள்ளியாக நாய்ஸ், ஜரிகை வேலைப்பாடு கரைந்துபோய்விடுகிறது.

கடையில் கேட்டால், "கேனான் ஃபுல்பிரேம் ஆர்8 பாடி, ஆர்எஃப் 24-105 எஃப் 4-7.1 லென்ஸ் எடுத்துக்கோங்க, ஃபுல்பிரேம் ரெண்டு ஸ்டாப் நல்லா இருக்கும்" என்கிறார்கள். இன்னொருவர், கிராப்பிலேயே இருந்துகொண்டு நல்ல லென்ஸ் வாங்கு என்கிறார். பாடிக்கும் லென்ஸுக்கும் சேர்த்து ஒரேயடியாகச் செலவு செய்ய வசதியில்லை, எதை முதலில் வாங்குவது என்பதுதான் கேள்வி. அந்த இரண்டு ஸ்டாப் கணக்கு உண்மையா?

ஸ்டாப்கணக்கு:

இரண்டு ஸ்டாப் இல்லை. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. ஃபுல்பிரேம் 36 × 24 மி.மீ., அதாவது 864 சதுர மி.மீ. உங்கள் 200டி சென்சார் 22.3 × 14.9, அதாவது 332. கிட்டத்தட்ட 2.6 மடங்கு. ஸ்டாப்பில் சொன்னால் 1.4-ஐ எட்டாது. நிக்கான், சோனி, ஃபியூஜியின் கிராப் சென்சார் சற்றுப் பெரியது (23.5 × 15.6), அவற்றோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சுமார் ஒன்றேகால் ஸ்டாப். இதையும் தாண்டி வித்தியாசம் தெரிந்தால் அது புது சென்சார், பழைய சென்சார் வித்தியாசம். ஒரே காலத்துப் பாடிகளை வைத்துப் பார்த்தால் அதுவும் அரை ஸ்டாப்புக்குள் அடங்கிவிடும்.

இந்த 1.4 ஸ்டாப்பும் சும்மா கிடைப்பதில்லை. ஒரே இடத்தில் நின்று, ஒரே ஃபிரேமை, ஒரே எஃப் எண்ணில், ஒரே ஷட்டரில் எடுத்தால்தான் கிடைக்கும். ஒரே ஃபிரேம் வேண்டுமென்றால் ஃபுல்பிரேமில் 1.6 மடங்கு நீளமான லென்ஸ் போட வேண்டும். அதே எஃப் எண்ணோடு 1.6 மடங்கு நீளம் என்றால் கண்ணாடியும் அந்த அளவுக்குப் பெரிதாகும். கூடுதல் வெளிச்சத்தைக் கொண்டுவருவது அந்தப் பெரிய கண்ணாடி. சென்சார் அதை வாங்கிக்கொள்ள இடம் தருகிறது, அவ்வளவுதான்.

அதனால் பாடியைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். ஃபோக்கல் லென்த்தை எஃப் எண்ணால் வகுங்கள். வருவது லென்ஸின் துளை விட்டம். ஒரே இடம், ஒரே ஃபிரேம், ஒரே ஷட்டர் என்றால் எந்தத் துளை பெரியதோ அந்தப் படத்தில் நாய்ஸ் குறைவு. பின்னால் இருப்பது கிராப்பா ஃபுல்பிரேமா என்பது இரண்டாம் பட்சம். ஒளித்துகள்கள் எத்தனை வந்து விழுகின்றன என்பதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தே படத்தின் சுத்தம் அமைகிறது. ஐஎஸ்ஓ எண் அதைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது.

இப்போது கடைக்காரர் சொன்னதைப் போட்டுப் பாருங்கள். ஆர்எஃப் 24-105 லென்ஸ் 105-ல் எஃப் 7.1. துளை 14.8 மி.மீ. அதே ஃபிரேமுக்கு உங்கள் 55-250-ஐ 65-ல் வைக்க வேண்டும், அங்கே எஃப் 4.5. துளை 14.4 மி.மீ. ஏறக்குறைய ஒன்றேதான். நீங்கள் இன்று 12800 வைக்கும் இடத்தில் ஆர்8 32000 கேட்கும், படத்தில் நாய்ஸ் கிட்டத்தட்ட இன்றைய அளவுக்கே இருக்கும். புது சென்சார் தரும் கொஞ்சநஞ்ச லாபத்துக்கு அவ்வளவு பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது, இன்று இருக்கும் 200டியிலேயே ஒரு இஎஃப் 85 எஃப் 1.8. துளை 47 மி.மீ. எஃப் 4.5-லிருந்து 1.8-க்கு இறங்கினால் வெளிச்சம் 6.25 மடங்கு. 12800 இருந்த இடத்தில் 2000 போதும். இரண்டரை ஸ்டாப்புக்கு மேல். பாடியை மாற்றி இந்த அளவு லாபம் பார்க்கவே முடியாது.

ஃபிரேம் சரியாக வருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 12 மீட்டரில் 85 மி.மீ. கிடைமட்டமாக வைத்தால் 200டியில் சுமார் 2.1 மீட்டர் உயரம் அடங்கும். அரைமண்டியில் இருப்பவருக்குத் தாராளம், நிமிர்ந்து கையைத் தூக்கினால் ஒட்டி வரும். 10 மீட்டரில் 1.75 மீட்டர்தான், கை வெட்டுப்படும். அங்கே கேமராவை நெட்டுக்குத்தலாகத் திருப்புங்கள், 2.6 மீட்டர் கிடைக்கும்.

ஃபுல்பிரேமில் இதே ஃபிரேமுக்கு 135 மி.மீ. வேண்டும். 70-200 எஃப் 2.8 போட்டால் 135-ல் துளை 48 மி.மீ. பாருங்கள், 200டி + 85 எஃப் 1.8-க்குச் சமம். ஜூம் வசதிக்குத்தான் அந்தப் பணமும் எடையும். உண்மையிலேயே மேலே போக வேண்டுமென்றால் 135 எஃப் 2. துளை 67.5, ஒரு முழு ஸ்டாப் லாபம்.

பலரும் கவனிக்காமல் விடும் இன்னொன்று: ஃபுல்பிரேம் வாங்கி அதே 85 எஃப் 1.8-ஐப் போட்டு, ஆள் சின்னதாக வருகிறாரே என்று பின்னால் கிராப் செய்தால் லாபம் பூஜ்யம். சென்சாரின் ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு நடுவில் 200டி அளவை மட்டும் வைத்துக்கொள்கிறீர்கள்.

மேடைக்கு என் கருத்து: 85 முதலில். பாடி அடுத்த வருஷம்.

பழையலென்ஸ்:

85 எஃப் 1.8 பற்றி மேலே சொன்னதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் 200டியில் அதைப் போட்டதும் முதல் நாளே வரப்போகும் புகார் "ஃபோகஸ் விழவில்லை" என்பதுதான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வியூஃபைண்டர் வழியாக எடுக்கும்போது ஆட்டோஃபோகஸ் வேலையைச் செய்வது கேமராவுக்குள் மிரருக்குக் கீழே இருக்கும் தனி சென்சார். 9 புள்ளிதான். லென்ஸ் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ பிடித்தால் சரிக்கட்டும் மைக்ரோ அட்ஜஸ்ட்மெண்ட் 200டியில் கிடையாது. எஃப் 4.5-ல் அந்தப் பிசகு தெரியாது, 1.8-ல் மூக்குத்தி கூர்மையாகவும் கண் மங்கலாகவும் வரும். செய்தித்தாளை 45 டிகிரி சாய்த்து வைத்து, நடு வரி ஒன்றில் பேனாவால் கோடு போட்டு, நடுப் புள்ளியால் அந்தக் கோட்டைப் பிடித்து 1.8-ல் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கோட்டுக்கு ஒரே பக்கம் தள்ளிப்போனால் லைவ் வியூவுக்கு மாறிவிடுங்கள். அதில் டூயல் பிக்சல் ஆட்டோஃபோகஸ் சென்சாரிலேயே நடக்கிறது, அதனால் முன்பின் பிசகு வராது, முகத்தையும் தேடிப் பிடிக்கும். திரை வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள், பின் வரிசைக்காரர்கள் திட்டுவார்கள்.

இந்த லென்ஸுக்கு உள்ள இரண்டாவது கோளாறு ஊதா ஓரம். நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், குத்துவிளக்குச் சுடர் என்று பளிச்சிடும் எதைச் சுற்றியும் 1.8-ல் ஊதா கசியும். எஃப் 2.2-க்கு மூடினால் பாதி போய்விடும், அரை ஸ்டாப்புக்கு மேல் இழப்பு. மீதியை லைட்ரூம் மென்பொருளில் ஊதாவை நீக்கும் டிஃபிரிஞ்ச் பார்த்துக்கொள்ளும். ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சரிக்கட்டுவது) இல்லை. மேடைக்கு அது குறையில்லை, ஆடுபவரை நிறுத்தவே 1/200-க்கு மேல் வைக்க வேண்டியிருக்கிறதே.

பழசு வாங்கினால் லென்ஸின் பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். கண்ணாடி ஓரத்தில் நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களில் பீரோவுக்குள் துணியோடு வைத்திருந்த லென்ஸ்களில் பாதி இப்படித்தான் இருக்கும். வாங்கிய பிறகு ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கும் டிரை கேபினெட்டிலோ, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடோ வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் மாற்ற வேண்டும், அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

பின்னால் ஆர் வரிசைக்குப் போனாலும் 85 வீணாகாது, இஎஃப்-இஓஎஸ் ஆர் அடாப்டரில் அப்படியே ஓடும். உங்கள் 55-250 மட்டும் ஃபுல்பிரேமில் உதவாது. அது கிராப்புக்கென்றே செய்த இஎஃப்-எஸ், மாட்டியதுமே கேமரா 1.6 கிராப்புக்குப் போய்விடும். ஆர்8-ன் 24 மெகாபிக்சலில் ஒன்பது சொச்சம்தான் மிஞ்சும்.

வைகைக்கரை:

மேடைக்கு மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் கேள்வியில் பாதி கோயில் புறப்பாடு. அதை யாரும் தொடவில்லையே. அங்கே ஃபுல்பிரேம்தான் ஜெயிக்கும், அதுவும் அதே துளைக் கணக்குப்படியே.

கூட்டத்துக்குள் 35 மி.மீ. பார்வை வேண்டும். ஃபுல்பிரேமில் 35 எஃப் 1.8 போட்டால் துளை 19.4 மி.மீ. இதே பார்வைக்கு 200டியில் 22 மி.மீ. வேண்டும். 18-55 அங்கே எஃப் 4 அளவில் நிற்கும், துளை 5.5. இஎஃப்-எஸ் 24 எஃப் 2.8 பேன்கேக் போட்டாலும் 8.6. சிக்மா 18-35 எஃப் 1.8 ஆர்ட் இருக்கிறது, 22-ல் 12.2 மி.மீ., ஆனால் 800 கிராமுக்கு மேல் கனக்கும். அதைவிடவும் ஃபுல்பிரேம் 35 எஃப் 1.8 ஒன்றே கால் ஸ்டாப்புக்கு மேல் முன்னால் நிற்கிறது. அகலக் கோணத்தில் கிராப்புக்குப் பெரிய துளை லென்ஸ் குறைவு, இருப்பதும் கனம். கிராப் என்றால் சின்னது, மலிவு என்கிற பேச்சு இங்கே எடுபடாது.

கிராப் மிரர்லெஸ் (உள்ளே மிரர் இல்லாத வகை) என்றால் கதை கொஞ்சம் மாறும். சிக்மா 23 எஃப் 1.4 இப்போது கேனான் ஆர் வரிசைக்கான ஆர்எஃப் மவுண்டிலும் வருகிறது. துளை 16.4. ஃபுல்பிரேம் 35 எஃப் 1.8-க்கும் இதற்கும் அரை ஸ்டாப்தான் வித்தியாசம். கேனானின் கிராப் மிரர்லெஸ்ஸான ஆர்10 பாடியோடு இதைச் சேர்த்தால் செலவு கணிசமாகக் குறையும். ஆனாலும் ஃபுல்பிரேமில் பின்னால் 35 எஃப் 1.4 வாங்க முடியும், கிராப்பில் அதற்குச் சமமாக 22 எஃப் 0.9 வேண்டும். ஆட்டோஃபோகஸோடு அப்படி ஒன்று கிடையாது. ஃபுல்பிரேமின் உண்மையான லாபம் அந்த மேல் படியில்தான்.

பாடி வாங்கும்போது சென்சாரை மட்டும் பார்க்காதீர்கள். ஆர்8-ல் பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் இல்லை, கார்டு ஸ்லாட் ஒன்றுதான், பேட்டரி 200டியில் இருக்கும் அதே சின்ன எல்பி-இ17. ராத்திரி முழுக்கத் தேரோடு நடந்தால் இரண்டு பேட்டரி போதாது. நிக்கான் இசட்5 2-ல் (2025) இந்த மூன்றுமே பரவாயில்லை, ஸ்டெபிலைசேஷன் உண்டு, இரண்டு ஸ்லாட் உண்டு. ஆனால் உங்கள் 85-ஐ அதில் போட வேறு நிறுவன அடாப்டரைத் தேட வேண்டும்.

ஸ்டெபிலைசேஷனை வைத்து ரொம்பவும் கோட்டை கட்ட வேண்டாம். சுவாமி நகரும்போது ஸ்ரீபாதந்தாங்கிகள் (சுவாமியைத் தோளில் சுமப்பவர்கள்) நடை போடுவார்கள், அந்த ஆட்டத்துக்கு 1/125-க்குக் கீழே இறங்க முடியாது. மண்டகப்படியில் சுவாமி நிற்கும்போதுதான் 1/30, 1/15 கைகொடுக்கும்.

ஸ்டாப்கணக்கு:

வைகைக்கரை சொன்ன 35 எஃப் 1.8 கணக்கை ஏற்கிறேன். ஒரு நிபந்தனை மட்டும் சேர்க்க வேண்டும். 1.8-ல் எடுத்தால்தான் அந்த லாபம்.

ஃபுல்பிரேம் 35 மி.மீ., எஃப் 1.8, 3 மீட்டரில் ஃபோகஸ் என்றால் கூர்மையாக வரும் ஆழம் மொத்தமே 80 செ.மீ. அலங்காரத்தில் ஃபோகஸ் வைத்தால் முன்னால் தண்டைத் தோளில் தாங்கி வருபவர் முகம் மங்கிவிடும். இருவரும் வேண்டுமென்று எஃப் 4-க்கு மூடினீர்கள் என்றால் ஐஎஸ்ஓ கூட வேண்டும். அதே ஆழத்தைக் கேனான் கிராப் எஃப் 2.5-லேயே தந்துவிடும், அதுவும் 2.5 மடங்கு குறைந்த ஐஎஸ்ஓவில். நாய்ஸ் இரண்டிலும் ஒன்று. ஆழம் எங்கே கட்டாயமோ அங்கே ஃபுல்பிரேமுக்கு லாபம் கிடையாது. குழு நடனத்திலும் இதேதான், மூன்று வரிசையாக நின்றால் 1.8-ல் எடுப்பது வீண்.

இருட்டில் ஆட்டோஃபோகஸ் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் விளம்பர எண்ணை நம்பி பாடி மாற்றுகிறவர்கள் அதிகம். கேனான் மைனஸ் 6.5 இவி (வெளிச்ச அளவு, எண் குறைந்தால் இருட்டு அதிகம்) என்று போடுவது எஃப் 1.2 லென்ஸை வைத்து. சோனி எஃப் 2 லென்ஸை வைத்துச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒன்றரை ஸ்டாப் இருக்கிறது, அப்படியே ஒப்பிடக் கூடாது. எஃப் 7.1 லென்ஸ் போட்டால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூடப் போகாது. நீங்கள் சொன்ன மேடை வெளிச்சம் கணக்குப்படி சுமார் 6 இவி. அதற்கு இன்று விற்கும் எந்தப் பாடியும் போதும்.

மாடவீதி:

எல்லோருக்கும் நன்றி. கடைக்காரர் சொன்ன செட் எனக்கு ஆகாது என்பது புரிந்துவிட்டது. 85-ஐப் பழசில் தேடுகிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். எல்இடி மேடைகளில் சிவப்புப் பட்டுப்புடவை ஒரே திட்டாக வருகிறது, மடிப்பே தெரிவதில்லை. இதற்கும் சென்சாருக்கும் சம்பந்தம் உண்டா? பின்னால் மிரர்லெஸ் எடுத்தால் சத்தமில்லாத ஷட்டர் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன், படத்தில் பட்டை பட்டையாக விழும் என்று பயமுறுத்துகிறார்களே?

மேடைப்பக்கம்:

சிவப்புத் திட்டுக்கும் சென்சார் அளவுக்கும் சம்பந்தமே இல்லை. சிவப்பு எல்இடி குறுகிய ஒரே அலைநீளப் பட்டையில் கொட்டும். பச்சை, நீலச் சேனல் காலியாக இருக்கும், சிவப்புச் சேனல் மட்டும் நிரம்பி வழியும். சாதாரண ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) அது தெரியாது, பச்சைக்கு அதிக எடை கொடுத்துக் கணக்கிட்ட சராசரி அது. படத்தைத் திரும்பிப் பார்க்கும்போது ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைத் திறந்து சிவப்பு வலது சுவரில் முட்டுகிறதா பாருங்கள். முட்டினால் எக்ஸ்போஷரை முக்கால், ஒரு ஸ்டாப் இறக்குங்கள். பிக்சர் ஸ்டைலை நியூட்ரலில் வைத்து சாச்சுரேஷனையும் குறைத்துவிட்டால் ஹிஸ்டோகிராம் ரா ஃபைலுக்கு (கேமரா பதப்படுத்தாத மூலத் தரவு) கொஞ்சம் நெருக்கமாகக் காட்டும். ரா-வில்தான் எடுக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மீட்டரை மேனுவலில் பூட்டுங்கள். கருப்புத் திரைக்கு முன்னால் ஒருவர் ஆடும்போது கேமரா திரையைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றிவிடும், முகம் வெந்துபோகும். அலாரிப்பு நடக்கும்போதே முகத்தில் ஸ்பாட் மீட்டர் பிடித்து அந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள். கோயிலிலும் இதேதான். கற்பூர ஆரத்தி உயர்ந்ததும் தானியங்கி மீட்டர் சுடரைப் பார்த்து முழுப் படத்தையும் இருட்டடித்துவிடும். தீவட்டி வெளிச்சத்துக்கு வெள்ளைச் சமநிலையை டங்ஸ்டனில் (குண்டு பல்பு) வையுங்கள். அப்படியும் மஞ்சள் மிஞ்சினால் ரா-வில் 2000 கெல்வின் வரை இறக்கலாம். முழுக்க வெள்ளையாக்கிவிடாதீர்கள், தீவட்டி தீவட்டியாகத் தெரிய வேண்டும்.

பட்டை விஷயம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் நேரடியாக எரியும் விளக்கு வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். எலெக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழே வரி வரியாகப் படிக்கிறது. படித்து முடிக்க 1/15 வினாடி எடுக்கும் சென்சாரில் அதற்குள் ஆறேழு முறை வெளிச்சம் ஏறி இறங்கிவிடும், 1/500-ல் எடுத்தால் படத்தில் ஆறேழு பட்டை. ஆர்8 மாதிரி சுமார் 15 மில்லி செகண்டில் படித்து முடிப்பதில் ஒன்றரைப் பட்டை. 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் முழுச் சுற்று வெளிச்சமும் கிடைத்துவிடும், பட்டை வராது. ஆனால் மேடை எல்இடி பார் விளக்குகள் இந்தக் கணக்குக்கு அடங்காது. மங்கவைக்கும் சர்க்யூட் பல நூறு ஹெர்ட்ஸிலிருந்து ஆயிரக்கணக்கு வரை துடிக்கும். அங்கே எலெக்ட்ரானிக் ஷட்டரில் மெல்லிய கோடு கோடாக விழும், எந்த மென்பொருளாலும் ஒழுங்காக எடுக்க முடியாது. மெக்கானிக்கல் ஷட்டரிலும் எலெக்ட்ரானிக் முதல் திரை ஷட்டரிலும் (தொடக்கம் மட்டும் எலெக்ட்ரானிக்) இது ரொம்பவும் குறையும். ஆர்8-ல் முழு மெக்கானிக்கல் கிடையாது, முதல் திரை எலெக்ட்ரானிக்தான். மேடைக்கு அதுவே போதும், சத்தமும் அடக்கமாகத்தான் இருக்கும்.

விளக்கு மாறும்போதெல்லாம் ஒரு படம் எடுத்துக் கேமரா திரையில் பெரிதாக்கி மேடையின் பின் திரையைப் பாருங்கள். பட்டை விழுந்தால் வெறும் திரையில்தான் முதலில் கண்ணில் படும், உடையில் தேடினால் தெரியாது.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், இதில் ஒரு ஸ்டாப் மிச்சமாகும். எல்லாவற்றுக்கும் 1/400 எதற்கு? பதத்திலும் வர்ணத்தின் அபிநயப் பகுதியிலும் 1/160 போதும். ஜதிக்கு 1/500, தில்லானாவில் குதிப்பு வந்தால் 1/640. ஆனால் ஜதி நடக்கும்போதே எடுப்பதைவிட தீர்மானத்துக்கு (ஜதியை முடிக்கும் கோர்வை) காத்திருந்து எடுங்கள். மூன்று முறை வரும் கோர்வையில் கடைசி "தா" விழும்போது உடம்பு ஒரு கணம் அப்படியே நிற்கும், கை நீட்டி, பார்வை விரல் நுனியில். நட்டுவாங்கத் தாளத்தை எண்ணிக்கொண்டு அந்த அடிக்கு விரலைத் தயாராக வைத்தால் 1/200-லேயே கூர்மையாக வரும். 1/400-லிருந்து 1/200 என்றால் ஐஎஸ்ஓ பாதியாகிறது. ஃபுல்பிரேம் தரும் லாபத்தில் பெரும்பகுதி இதிலேயே வந்துவிடும், காசில்லாமல்.

கச்சேரிக்கும் போவீர்கள் என்றால், பாடகருக்கு 1/125. மிருதங்கக்காரர் விரல் முழுக்க உறைந்துபோக வேண்டியதில்லை, 1/250-ல் முகம் கூர்மையாகவும் விரல் லேசாக அசைந்தும் வரும். அதுதான் நன்றாக இருக்கும்.

வைகைக்கரை:

நாய்ஸை எடுக்கும் மென்பொருளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். லைட்ரூமில் 2023-ல் வந்த ஏஐ டினாய்ஸ், டிஎக்ஸ்ஓ ப்யூர்ரா இரண்டுமே கிராப் 6400-ஐப் பிரிண்ட் போடும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் ரா ஃபைல் வேண்டும், கொஞ்சம் வலுவான கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். ஸ்லைடரை 30, 40-க்கு மேல் தள்ளாதீர்கள். முகம் ஃபிரேமில் சின்னதாக இருந்தால் மெழுகு பூசினது மாதிரி ஆகிவிடும், ஜரிகைக் கட்டம் இல்லாத கோலம் போட ஆரம்பிக்கும். 12800-ல் கரைந்துபோன ஜரிகையை அது திரும்பக் கொண்டுவராது, ஊகித்து வரையும். பழைய படங்களில் நல்லதாக நாலைந்தை எடுத்து ஓட்டிப் பாருங்கள், திருப்தியாக இருந்தால் பாடி மாற்றும் அவசரம் தானே குறையும்.

மாடவீதி:

தீர்மானத்துக்குக் காத்திருப்பது நல்ல யோசனை. 85 எஃப் 1.8 இப்போது, அப்புறம் கோயில் புறப்பாட்டுக்கு ஃபுல்பிரேமும் 35-ம் என்று வைத்திருக்கிறேன். ஒரே ஒரு குழப்பம், 12 மீட்டரில் 85-ஐவிட 135 எஃப் 2 நல்லதா? 200டியிலேயே போட்டால் துளை இன்னும் பெரியதாயிற்றே.

ஸ்டாப்கணக்கு:

துளை பெரியதுதான், ஆனால் ஃபிரேம் மாறிவிடுகிறதே. 200டியில் 135 போட்டால் 12 மீட்டரில் 1.3 மீட்டர் உயரம்தான் அடங்கும். இடுப்புக்கு மேலே அபிநயம் எடுக்க அருமை, முழு உருவத்துக்கு ஆகாது. கணக்கில் ஒரே ஃபிரேம் என்ற நிபந்தனையை விட்டுவிட்டால் எல்லா நீள லென்ஸும் நல்லதாகவே தெரியும்.

வாங்குவதற்கு முன்னால் லைட்ரூமில் உங்கள் மேடைப் படங்களை மெட்டாடேட்டா ஃபில்டரில் ஃபோக்கல் லென்த் வாரியாகப் பிரியுங்கள். எடுத்ததை எல்லாம் பார்க்காமல், ஆல்பத்துக்குக் கொடுத்தவற்றை மட்டும் பாருங்கள். பெரும்பாலானவை 70-க்கும் 100-க்கும் நடுவே இருந்தால் 85. பாதிக்கு மேல் 130-ஐத் தாண்டியிருந்தால் 135, முழு உருவத்துக்கு 55-250-ஐயே வைத்துக்கொள்ளலாம். 70-க்குக் கீழே நிறைய இருந்தால் 85-கூட வேண்டாம், இஎஃப் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் போதும். துளை 28 மி.மீ.தான், ஆனால் இப்போது 55-ல் எஃப் 4-ல் கிடைப்பதைவிட இரண்டு மடங்கு விட்டம், விலையும் 85-ல் பாதிகூட வராது.